கறுப்பு டேங்கும் காட்டன் துணியும்

ஆகஸ்ட் 18, திங்கள்

மங்கலம் ரோட்டில் கடை பேசி முடித்தாகிவிட்டது. முன்பு அயர்னிங் யூனிட் நடந்த இடம். சுவரெல்லாம் நீராவிக் குழாய் பிடுங்கிய ஓட்டை. ஆனால் முகப்பு இருபது அடி, பின்னால் போர் தண்ணீர், வண்டி ஏறி இறங்கச் சாய்தளம். பைக் டீடெய்லிங் கடை வைக்கப் போகிறேன்.

டீடெய்லிங் என்றால் வாட்டர் சர்வீஸ் அல்ல. வண்டியை நுரையில் குளிப்பாட்டி, பெயிண்டில் விழுந்த மயிரிழைக் கீறல்களை மெஷின் வைத்துத் தேய்த்து எடுத்து, மேலே ஒரு பூச்சுக் கொடுப்பது. கழுவுகிறவனுக்கு நூறு ரூபாய் கொடுக்க மூக்கால் அழுகிற ஆள், இதற்கு ஐயாயிரம் கொடுத்துவிட்டுக் கைகூப்பிவிட்டுப் போகிறான். பனியன் வேஸ்ட், அதாவது கம்பெனிகள் கழிக்கிற வெட்டுத் துணி வியாபாரத்தில் இருபத்திரண்டு வருடம் தூசி தின்றவள் நான். என்னைப் பார்த்து யாரும் கைகூப்பியதில்லை. தவிர, துடைக்கிற துணிதான் இந்தத் தொழிலில் பாதி என்கிறார்கள். துணி என் குடோனில் மலையாகக் கிடக்கிறது. துணியில் எனக்கு யார் பாடம் எடுப்பது.

எதிர்ச் சாரியில் இதே தொழிலில் ஒரு கடை ஏற்கெனவே இருக்கிறது. 'ராயன் பைக் டீடெய்லிங்' என்று போர்டு. என் மகள் கோகிலவாணியும் அவள் கட்டிக்கொண்ட ராயப்பனும் நடத்துகிறார்கள்.

நான் இந்த இடத்தை எடுத்தது வாடகை குறைவு என்பதால்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மயிலாத்தாளிடம் சொன்னேன். நானும் அவளும் ஒரே குடோனில் தரையில் உட்கார்ந்து வேஸ்ட் பிரித்தவர்கள். இன்று என்னிடம் வேலை பார்க்கிறாள். ஆள் இருந்தால் 'ஓனரம்மா', இல்லாவிட்டால் 'துளசி'.

"திருப்பூர்ல உனக்கு வேற எடமே கெடைக்கலையா துளசி?"

வாடகையைச் சொன்னேன்.

"செரி," என்றாள். அவள் 'செரி' சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கோயமுத்தூர் போய்ச் சாமான் வாங்கினேன். பாலிஷ் மெஷின் இரண்டு, நுரை துப்பாக்கி ஒன்று, பேஸ்ட் டப்பாக்கள். கடைக்காரர் கடைசியில் ஒரு கட்டுத் துணியை எடுத்துப் போட்டார். மைக்ரோ ஃபைபராம்.

"இது இல்லாம இந்தத் தொழிலே பண்ண முடியாதுங்க மேடம்."

தொட்டேன். விரலில் பற்றிக்கொண்டு இழுத்தது. முள்ளுச்செடிக்குள் கையை விட்டது போல. "என்ன கலவைங்க இது?"

"எம்பது பாலியஸ்டர், இருவது பாலிமைடு."

"திருப்பூர்க்காரிகிட்ட வந்து பாலியஸ்டர் விக்கறீங்களா? நானே அதக் கிலோக் கணக்குல வித்துட்டு இருக்கறேன். என்ற விரலையே இந்த இழுப்பு இழுக்குது, பெயிண்ட்ட என்ன பண்ணும்?"

"மேடம், அது அப்படியில்ல—"

"அது வேண்டாம். மத்ததுக்குப் பில்லப் போடுங்க."

பதினாலு வயதில் வேஸ்ட் பிரிக்கப் போனேன். குழந்தைத் துணிக்குப் போகிற ரகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்று மேஸ்திரி அடித்துச் சொல்லிக்கொடுத்தார். இப்போது எனக்குக் கன்னமெல்லாம் வேண்டாம். விரல் பட்டாலே எந்த நூல், என்ன கனம், எந்தச் சாயப்பட்டறை என்பது வரை சொல்லிவிடுவேன். இந்த ஆள் என்னிடம் துணி விற்கப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடை திறந்தாகிவிட்டது. 'கோகிலா பைக் கேர்'. பெயர் குடோன் பெயர்தான். ஜி.எஸ்.டி. அந்தப் பெயரில் இருக்கிறது, புதிதாக ஒன்று எடுத்தால் அலைச்சல். மெஷினுக்குத் தண்டபாணி என்று ஒருவரை வைத்திருக்கிறேன். பல்லடத்தில் கார் பாலிஷ் போட்டவர், நாற்பது வயது, அதிகம் பேச மாட்டார். மயிலாத்தாளைத் துடைக்கிற வேலைக்குக் குடோனிலிருந்து கூட்டி வந்துவிட்டேன்.

எதிரே என் மகள் ஷட்டரைத் தூக்கிவிட்டு எங்கள் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு லாரி குறுக்கே போனது. போன பிறகும் நின்றாள். நீல நைட்டியின் மேல் அவனுடைய சட்டையைப் போட்டிருந்தாள். வேலைக்கு அது வசதி போல.

செப்டம்பர் 3, புதன்

மழை. வண்டி இல்லை. எதிரே மூன்று.

செப்டம்பர் 6, சனி

எதிர்க்கடை ஒன்பதே காலுக்குத் திறக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பாடு. கடைக்குள் ஸ்டூல் போட்டு இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். முடிந்ததும் இரண்டு டிபன் பாக்ஸையும் அவன்தான் கழுவுகிறான். நேற்றும் அவன்தான். போட்டிக்கடையைக் கவனிக்காமல் வியாபாரம் செய்ய முடியாது.

அவள் இளைத்திருக்கிறாள். தயிர் எடுத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

உள்ளதை எழுதுகிறேன். இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்று முதல் எதிர்க்கடை ரேட்டில் பாதி. போர்டு எழுதி வாசலில் வைத்துவிட்டேன். எனக்குக் குடோன் வருமானம் இருக்கிறது, ஒரு வருடம் நஷ்டத்தில் ஓட்டினாலும் தாங்கும். அவர்களுக்கு நாலு மாதம் தாங்காது. கடை படுத்தால் கல்யாணமும் ஆட்டம் காணும், அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு போனவள். சாயப்பட்டறை வேலைக்குச் சிவகங்கைப் பக்கமிருந்து வந்த குடும்பம், வேற கோயில், வேற சாமி. அப்போது அவனை ஒரே ஒரு தடவை பார்த்தேன். எனக்கு ஒரு தடவை போதும்.

போர்டை வைத்த பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. குடோனுக்குப் போனேன், திரும்ப வந்தேன், மறுபடி போனேன். டீயை மூன்று தடவை வாங்கி மூன்றையும் ஆறவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவன் ரோட்டைத் தாண்டி வந்தான். ரேட் விஷயமாகச் சண்டைக்கு என்று நினைத்து எழுந்து நின்றேன். என்னைப் பார்க்காமல் வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தான்.

"அத்தை, கழுவுன வண்டிய வெயில்ல காய விடாதீங்க. இங்க போர் தண்ணி உப்பு. வெள்ளை வெள்ளையாப் புடிச்சுக்கும், அப்பறம் போகாது."

"யாருக்கு அத்தை?"

"நிழல்ல வெச்சுத் துடைச்சிருங்க," என்றான். திரும்பிப் போனான்.

மயிலாத்தாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "சண்டைக்கு வந்த லட்சணத்தப் பாத்தீங்ளா ஓனரம்மா."

வேவு பார்க்க வந்திருக்கிறான்.

செப்டம்பர் 15, திங்கள்

லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டேன். நிழலுக்கு ஒரு தகர ஷீட்டும் இறக்கியாகிவிட்டது. எப்படியும் செய்ய நினைத்திருந்த வேலைதான்.

செப்டம்பர் 20, சனி

பெரிய வண்டி. பெரியது என்றால் ஆளைச் சொல்கிறேன். நிட்டிங் கம்பெனி பூபதியண்ணன் நேரில் வந்தார். என் குடோனுக்கு வருகிற வேஸ்ட்டில் பாதி அவர் கம்பெனியிலிருந்துதான். வண்டி, அவர் முதன்முதலில் துணி உருளை கட்டிக்கொண்டு அலைந்த பழைய கறுப்பு வண்டி. நாற்பது வருடம் ஆகிறது. டேங்க்கில் தங்கக் கோடு கையால் போட்டது. இந்த வண்டியை ஆயுத பூஜைக்கு ஆபீஸ் வாசலில் நிறுத்தி முதல் மாலை அதற்குப் போட்ட பிறகுதான் மற்ற மெஷினுக்கெல்லாம் போடுவார்.

"எதுத்தாப்ல கடைக்கும் வண்டி போறதப் பாத்தனுங் அம்மிணி. ஆனா நீ இருக்கறப்ப நான் எதுக்கு வேற எடம் போறேன். டேங்க்கப் பாத்து மொகம் சீவோணும், அத்தன பளபளப்பு வேணும்."

"பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்க வாசல்ல நிக்குமுங்ண்ணா."

அவர் வண்டியை என் கடை வாசலில் நிறுத்தியதை எதிர்க்கடை பார்த்ததா என்று பார்த்தேன். பார்த்தார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

தண்டபாணி இரண்டு நாளாக டேங்க்கைத் தேய்த்தார். பழங்காலப் பெயிண்ட், மேலே கண்ணாடிப் பூச்சுக் கிடையாது. மெஷின் வைத்தால் கறுப்பே கழன்று பஞ்சில் வருகிறது. "இதுக்கு மேல கைய வெக்கக் கூடாதுங்க," என்றார். கடைசித் துடைப்பை நானும் மயிலாத்தாளும் செய்தோம். இதற்கென்றே எக்ஸ்போர்ட்டில் கழித்துத் தள்ளிய வெள்ளைப் பனியன் துணி, சுத்தக் காட்டன், வெண்ணெய் மாதிரி. டேங்க்கில் என் முகம் தெரிந்தது. நரை தெரிந்தது. காதில் ஒரு தோடு திருகு கழன்று சாய்ந்திருந்ததுகூடத் தெரிந்தது.

செப்டம்பர் 27, சனி

காலையில் வண்டியை வெயிலுக்கு உருட்டி வந்தோம். டேங்க் முழுக்கச் சிலந்தி வலை. வட்ட வட்டமாக, மயிர் மயிராகக் கீறல். டியூப் லைட்டில் தெரியாதது சூரியனில் தெரிகிறது.

தண்டபாணி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "துணிங்க."

"எந்தத் துணி?"

"நம்ம துணிங்க. காட்டன். அதும் தையல் ஓரத்தோட இருக்குது."

"முப்பத்தஞ்சு வருசமா துணி தொடறேன். அது மெத்துன்னு இருக்குதா இல்லையான்னு எனக்கு நீ சொல்லாத."

"செரிங்க," என்று கையைக் கட்டிக்கொண்டார்.

தையல் ஓரத்தையெல்லாம் வெட்டிவிட்டு, ஒரு மூலையில் கொஞ்சம் பேஸ்ட் வைத்து மறுபடி துடைத்தேன். மறுபடி அதே வலை. மறுபடி. நாலாவது தடவை மயிலாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும். கறுப்பு வெளுத்துரும்."

இன்னொரு தடவை மெஷின் வைக்கச் சொன்னேன். தண்டபாணி முடியாது என்றார். அடியில் தகரம் தெரிந்துவிடும் என்றார். கோபத்தில் வேலையை விட்டுப் போகச் சொன்னேன். போகவில்லை. வாசலில் நின்று எதிர்க்கடையைக் கை காட்டினார். "அவரு எடுத்துருவாருங்க. பழைய பெயிண்ட்டுக்கு இந்த ஏரியாவுல அவருதான்."

செப்டம்பர் 28, ஞாயிறு

பல்லடம், அவிநாசி, சோமனூர் எல்லாம் போய்க் கேட்டேன். யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 29, திங்கள்

ஒன்பதே காலுக்கு ஷட்டர் ஏறியது. தண்டபாணி வண்டியைத் தள்ளிவருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நானே தள்ளினேன். நடு ரோட்டில் ஒரு பஸ்காரன் ஆரன் அடித்து, "ஏனுங்க அம்மா, பெட்ரோல் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கோகிலா வாசலில் நின்றாள். அருகில் பார்க்கும்போது இளைக்கவில்லை. கை கொஞ்சம் உரம் ஏறியிருக்கிறது.

"என்ன வேணும்?"

"வண்டி."

"அதான் தெரியுது. பாதி ரேட்டுக்குப் பண்ற கடையெல்லாம் எதுத்தாப்ல இருக்குதே, அங்க போறது."

வண்டியை ஸ்டாண்டில் போட்டேன். சொல்ல வேண்டும் என்று ரோட்டைத் தாண்டும்போது நினைத்ததெல்லாம் இந்தப் பக்கம் வந்ததும் காணவில்லை.

"ரெண்டு வருசத்துல எங்க வீட்டுப் படி ஏற உனக்கு நேரமில்ல. கடை போட மட்டும் நேரா எங்க எதுர்ல வந்து எடம் கெடச்சுருச்சு."

"வாடகை கம்மி."

"பொய் சொல்லாதம்மா."

அதற்குள் அவன் உள்ளேயிருந்து ஒரு விளக்கை எடுத்து வந்து டேங்க்கின் மேல் சாய்த்துப் பிடித்தான். கீறல் அத்தனையும் எழுந்து நின்றது. யார் செய்தது, எதனால் என்று கேட்கவில்லை. விரல் நுனியால் தங்கக் கோட்டை மட்டும் தொட்டுப் பார்த்தான்.

"மெஷின் வேணாம். கையில எடுக்கலாம். ஒரு நாள் பூரா ஆகும், மூணு ஆள் வேணும். எப்பக் குடுக்கணும் அத்தை?"

"நாளைக்குச் சாயங்காலம்."

"அப்ப நீங்களும் உக்காருங்க."

கோகிலா அவனைப் பார்த்தாள். அவன் ஸ்டூலை எடுத்துப் போட்டான். சாப்பிடுகிறபோது அவன் உட்கார்கிற ஸ்டூல்.

உட்கார்ந்ததும் மூலையில் ஒரு மூட்டை கண்ணில் பட்டது. வாய்க்கட்டு என் குடோன் கட்டு. இரட்டை முடிச்சுப் போட்டு வாலை உள்ளே சொருகுவது மயிலாத்தாள் ஒருத்திதான்.

"அது எங்கருந்து?"

"செயினுக்கும் சக்கரத்துக்கும் உங்க துணிதான் அத்தை," என்றான் அவன். "மத்த குடோன் துணி நூல் விடுது."

"எத்தன நாளா?"

"கடை தொறந்ததுலருந்து," என்றாள் கோகிலா. "மயிலாக்காவ ஒண்ணும் கேக்காத. காசு குடுத்துத்தான் வாங்கறோம்."

பிறகு வேலை. அவன் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து ஒரு சாண் இடத்துக்குத் தேய்ப்பான், நாங்கள் இரண்டு பேரும் துடைத்தெடுக்க வேண்டும். எனக்கு ஒரு துணியைக் கொடுத்தான். அந்தப் பாலியஸ்டர்தான். விரலில் பற்றி இழுத்தது. நான் கீழே வைத்துவிட்டேன்.

"இதாலதான் கீறும். சொரசொரங்குது."

அவன் சிரிக்கவில்லை. அதை நான் குறித்துவைக்கிறேன். சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன். அவன் கோகிலாவைப் பார்த்தான். அவள் அந்தத் துணியை எடுத்து மடித்தாள். என்னைத் திருப்பி என் கன்னத்தில் வைத்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. துணி இருப்பதே தெரியவில்லை. பிறகு மூலை மூட்டையிலிருந்து என் காட்டனை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். அது தெரிந்தது.

"நீதானம்மா எனக்குச் சொல்லிக்குடுத்த, கன்னத்துல வெச்சுப் பாருன்னு. ஏழு வயசுல."

அவன் மெதுவாகச் சொன்னான்: "துணி சொரசொரப்பில்லைங்க அத்தை. உங்க கை."

கையைத் திருப்பிப் பார்த்தேன். சாயம், ப்ளீச்சு, மூட்டைச் சணல், எல்லாம் சேர்ந்து விரல் நுனி அரம் மாதிரி இருக்கிறது. எத்தனை வருடமாக இப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. கோகிலா ஒரு ஜோடி ரப்பர் கையுறையை என் மடியில் போட்டாள்.

ஒரு மணிக்கு இரண்டு டிபன் பாக்ஸை மூன்றாகப் பிரித்தார்கள். தயிர் இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் நாலு மணிக்கு வெயிலில் நிறுத்திப் பார்த்தோம். டேங்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடந்தது. பூபதியண்ணன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் குனிந்து தலை சீவிப் பார்த்தே விட்டார்.

"உன்ற கை ராசி அம்மிணி."

"என்ற கை கெடுத்துருச்சுங்ண்ணா. எடுத்துக் குடுத்தது எதுத்தாப்ல கடை. என்ற மாப்பிள்ளைங்க."

அவர் சீப்பைச் சட்டைப் பையில் செருகினார். சொன்னதை நானே இரண்டாம் தடவை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மயிலாத்தாள் எங்கோ பார்த்துக்கொண்டு, "செரி," என்றாள்.

அவளிடம் மூட்டையைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு வருசமா எங்கிட்ட மறைச்சிருக்கற."

"நீ கேக்கலையே துளசி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அப்பறம் நீ மூட்டைய நிறுத்தியிருப்ப."

நிறுத்தியிருப்பேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் பாதி ரேட் போர்டைத் தூக்கிக் குடோனில் போட்டேன். மெஷினுக்கும் கடையில் நின்ற வண்டிகளுக்கும் சந்தனம் வைக்கும்போது தண்டபாணி, "பூச்சுக் குடுத்த டேங்க்குல குங்குமம் வெச்சராதீங்க, கறை புடிச்சிரும்," என்றார். ஹெட்லைட் கண்ணாடியில் வைத்தேன்.

பொரி, கடலை, வெல்லம் ஒரு தட்டில் போட்டு எதிரே கொண்டுபோனேன். அங்கே கர்த்தர் படத்துக்குப் பக்கத்தில் பாலிஷ் மெஷினுக்குப் பொட்டு வைத்திருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை.

போன காரியம் பேசினேன். என் பக்கம் இடம் இருக்கிறது, லாரித் தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது. கழுவுவது அங்கே நடக்கட்டும். பாலிஷும் பூச்சும் இங்கே. தண்டபாணி இந்தப் பக்கம் வருவார். வருமானத்தில் ஆளுக்குப் பாதி.

ராயப்பன் தலையாட்டப் போனான். கோகிலா அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"கழுவறதும் பாலிஷும் ஒண்ணாம்மா? எங்களுக்கு அறுபத்தஞ்சு. துணி உன்னோடது. செயின் துணிக்கு இனிமேல் காசு கெடையாது."

"அறுபது."

"அறுபத்தஞ்சு. இல்லைன்னா நீ அங்கயே காட்டன்ல தொடைச்சுட்டு இரு."

முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்றாள். பேரம் பேசும்போது கண்ணிமைக்காமல் நிற்பது யாரிடம் கற்றது என்று எனக்குத் தெரியும். ஒத்துக்கொண்டேன். நஷ்டம்தான்.

கிளம்பும்போது கேட்டேன்: "வீடு எங்க இருக்குது?"

"ஆலங்காட்டுல. ரெண்டாவது மாடி. படி செங்குத்தா இருக்கும்," என்றாள். தட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தபடி, "பாத்து ஏறோணும்," என்றாள்.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு இரவாகக் கையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு படுக்கிறேன். மயிலாத்தாளிடம் சொல்லவில்லை, சொன்னால் ஒரு வருடம் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்காட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டே, காலையில் எதிர்க்கடையிலிருந்து எடுத்து வந்த அந்த மைக்ரோ ஃபைபரை விரலில் தேய்த்துப் பார்த்தேன். இன்னும் பற்றுகிறது. கொஞ்சம் குறைவாக.